தள்ளிவிட்ட தாம்பூலத் தட்டு

திருப்பத்தூர்
17.2.2025

அன்புள்ள செல்லி,

உன் அப்பா போய்விட்டார் என்பது எனக்கு நேற்றுதான் தெரியும். மலையிலிருந்து ஆலங்காயம் மண்டிக்குப் புளி கொண்டுவந்த உங்கள் ஊர்க்காரர்கள் பேசிக்கொண்டதை அம்மா கேட்டுவிட்டு வந்து சொன்னாள். காரியம்கூட முடிந்துவிட்டதாமே. எனக்கு ஒரு வரி எழுதக் கூடாதா உனக்கு? பள்ளியில் உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துப் பலாச்சுளை கட்டிக்கொண்டு வந்த மனிதர். ஒரு மாலை போடக்கூட நான் வரவில்லை. இந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, நேரில் வந்தால் நன்றாகத் திட்டுவேன்.

உன் அண்ணன் மோகன் போனுக்கு அடித்துப் பார்த்தேன். "இன்னா விஷயம், எங்கிட்டயே சொல்லு, நான் சொல்லிடறேன்" என்கிறார். உங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் அவர் சட்டைப்பையில் இருக்கும்போது நாம் எங்கே பேசுவது. அதனால் பழையபடி அங்கன்வாடி டீச்சர் முகவரிக்கே எழுதுகிறேன். அந்தம்மா பிரித்துப் படிக்காமல் கொடுப்பார்கள்தானே?

என் சேதியைக் கேள். நான் மறுபடி படிக்கிறேன். சட்ட உதவியாளர் டிப்ளமோ, ஒரு வருஷம். அப்படியென்றால் வக்கீலா என்று மாமியார் கேட்டார். இல்லை, வக்கீலுக்கு வேண்டியதையெல்லாம் தயார் செய்து தருகிறவள் என்றேன். "அதுக்கு எதுக்குடி படிப்பு" என்கிறார். அவர் மகன் சதீஸ்குமார் மட்டும் செல்போன் கடையைச் சாத்திவிட்டு வந்து என் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்கிறார். பாதியில் தூங்கிவிடுகிறார், அது வேறு.

எங்கள் வாத்தியார் பஞ்சாட்சரம் சார் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்பிலேயே மிரட்டிவிட்டார். "நீங்க கேக்கலாம், எழுதலாம், தேடலாம், அடுக்கலாம். 'இப்படிச் செய்யுங்க'ன்னு மட்டும் யாருக்கும் வாயத் தெறக்கக் கூடாது. அது வக்கீலோட வேல. நீங்க சொன்னீங்கன்னு தெரிஞ்சா சர்ட்டிபிகேட் வராது." அடுத்து மனு எழுதுவது. அனுப்புநர், பெறுநர், பொருள். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். "பாவம்", "அநியாயம்" என்று ஒரு வார்த்தை வரக்கூடாது. கடைசியில் 'கேட்பது' என்று போட்டு, என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுத வேண்டும். கேட்காததை எந்தக் கோர்ட்டும் தராதாம்.

இப்போது நிஜமாக நடந்த ஒரு விஷயத்தை வைத்து ஒரு மனு எழுதி வரச் சொல்லியிருக்கிறார். எனக்கு உன் நினைப்புதான் வந்தது. அப்பாவுக்குப் பிறகு நிலம், வீடு எல்லாம் எப்படி? உன் விஷயத்தை எழுதி அனுப்பேன். ஸ்காலர்ஷிப் வந்த அன்றைக்கெல்லாம் எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தவள் நீ. இதையும் தருவாய்.

குழந்தை பிரியதர்ஷினிக்கு என் முத்தம்.

உன்
ரேணு


5.3.2025

அன்புள்ள ரேணுவுக்கு,

திட்டு வாங்கிக்கொண்டேன். எழுதாதது என் தப்புதான். அப்பாவை எடுத்த பிறகு பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. டீச்சர் பிரித்துப் படிக்கமாட்டார்கள், ஆனால் கையில் கொடுத்துவிட்டு நான் படித்து முடிக்கிறவரை முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீ கேட்டபடி வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். சிரிக்காதே.

என் புருஷன் கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டது உனக்குத் தெரியும். ஊர் கூடி அந்தக் கல்யாணத்தை அறுத்துவிட்டது. நான் பெண்ணைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்தேன். அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அடுத்த நாள் காலையில் களைக்கொத்து ஒன்றைக் கையில் கொடுத்து, மேட்டாங்காட்டைக் காட்டி, "அது உன் பாடு" என்றார். அன்றிலிருந்து சாமையோ கேழ்வரகோ அதில் போடுவதும் அறுப்பதும் நான்தான். அண்ணன் கீழ்க்காட்டைப் பார்க்கிறார். பட்டா எல்லாம் அப்பா பேரில் இருக்கிறது. அம்மா முன்னமே போய்விட்டாள். இருப்பது நானும் அண்ணனும்தான்.

எங்கள் பக்கம் திரும்பி வந்த பெண்ணுக்கு ஊர்தான் வழி பண்ணும். சித்திரை பிறந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் உட்காருவார்கள். ஊர்க்கவுண்டர் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கை வைத்து, உனக்கு இது இது என்று சொல்லி முன்னால் தள்ளுவார். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். வேண்டாமென்றால் தட்டைத் திருப்பித் தள்ள வேண்டும். தள்ளினால் தள்ளினதுதான், அந்தத் தட்டை மறுபடி அவளுக்கு வைக்கமாட்டார்கள். எனக்குத் தெரிந்து யாரும் தள்ளினதில்லை.

எனக்கு மேட்டாங்காடும், ஓடையோரப் புளியமரங்களும், வீட்டில் பின்பக்க அறையும் தருவதாகப் பேச்சு. என் உயிர் இருக்கிறவரை எனக்கு. அதற்குப் பிறகு அண்ணன் பிள்ளைகளுக்கு. பிரியாவுக்கு ஒன்றும் கிடையாது. அது ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அண்ணியிடம் ஜாடையாகக் கேட்டேன். "பொண்ணு எப்புடியும் இன்னொரு வூட்டுக்குப் போறதுதானே" என்றாள். நானும் அப்படித்தான் போனேன் என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் 'கேட்பது' என்று எழுதச் சொன்னாயே, அங்கே வந்து நின்றுவிட்டேன். என்ன கேட்பது என்று எனக்கே தெரியவில்லை. நீதான் படிக்கிறாய். நீ சொல்.

இப்படிக்கு,
செல்லி


திருப்பத்தூர்
20.3.2025

என் செல்லிக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. நீ எழுதினதில் ஒரு வார்த்தை அதிகம் இல்லை. வகுப்பில் இருக்கிற எங்களுக்கே இப்படி வராது.

அதை வைத்து மனு எழுதிக் கொடுத்தேன். கட்சிக்காரர் இரகசியத்தைக் காப்பது எங்கள் இரண்டாம் பாடம், அதனால் அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். உன் பெயர் முனியம்மா. ஊர் ஆலங்காயம் பக்கத்தில் ஒரு கிராமம். சார் அதை எடுத்து வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இந்த முனியம்மாவுக்கு அப்பா சொத்துல சரிபாதி. பூர்வீகமா இருந்தாலும் சரி, அவரே சம்பாதிச்சதா இருந்தாலும் சரி. வாரிசுரிமைச் சட்டத்துல பொண்ணும் பையனும் ஒண்ணு. கொடுத்த துண்ட வாங்கிக்கிட்டு சரின்னு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் மீதியக் கேக்கறது கஷ்டம்."

சரிபாதி, செல்லி. உன் உயிர் இருக்கிறவரை என்றில்லை. உனக்கே உனக்கு, உனக்குப் பிறகு பிரியாவுக்கு. உன் அண்ணன் உனக்குத் தருவது பிச்சை இல்லை என்றால் அது பங்காக இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், சட்டத்துக்கு மேல் அவர்கள் இல்லையே. நீ இன்னமும் பள்ளியில் கடைசி பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்த அதே செல்லியாக இருக்கிறாய். எனக்கு அதுதான் ஆத்திரம்.

இப்படிச் செய் என்று சொல்லக் கூடாது என்பதுதான் எங்கள் முதல் பாடம். ஆனால் நீ கட்சிக்காரி இல்லை, என் செல்லி. அதனால் சொல்கிறேன். சித்திரையில் அந்தத் தட்டு வந்தால் வெற்றிலையைத் தொடாதே. தள்ளிவிடு. எனக்குப் பாதி வர வேண்டும், சட்டம் இருக்கிறது என்று நிமிர்ந்து சொல். சொல்லிவிட்டு நேராக இங்கே வா. அடுத்த மாதத்திலிருந்து பயிற்சிக்காக என்னைப் பாண்டுரங்கன் வக்கீல் ஆபீசில் உட்கார வைக்கப் போகிறார்கள். நோட்டீஸை நானே டைப் அடிக்கிறேன்.

வரும்போது வாரிசுச் சான்றிதழ், பட்டா நகல், உன் சான்றிதழ்கள் எல்லாம் எடுத்து வா. பயப்படாதே, நான் இருக்கிறேன்.

அன்புடன்
ரேணுகாதேவி


21.4.2025

அன்புள்ள ரேணு,

தள்ளிவிட்டேன்.

ஊர் உட்கார்ந்தது. ஊர்க்கவுண்டர் தசரதன் மாமா தட்டை வைத்து, "செல்லி, மேட்டாங்காடும் ஓடையோரத்து மரமும் உன் காலம் மட்டும் உனுக்கு. வூட்ல பின்ரூமும் உனுக்கு. உங்கப்பன் ஆசைப்பட்டதும் இதான். எடுத்துக்கம்மா" என்றார். உன் கடிதத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே தட்டை ஒரு விரலால் தள்ளினேன். "எனுக்குப் பாதி வரணும் மாமா. சட்டம் இருக்குது" என்றேன்.

அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "யார்ரி உனுக்கு இதச் சொன்னது?"

உன் பெயரை நான் சொல்லவில்லை.

"முடியாத அப்பாவ ரோடு வரைக்கும் தோள்மேல தூக்கிக்கினு போனது நானு. அப்ப எங்கடி போச்சு உன் சட்டம்?" என்று கேட்டுவிட்டு அழுதுவிட்டார். அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை ரேணு. அந்த நேரத்தில் வெற்றிலையை எடுத்துவிடலாமா என்று கை ஒரு தடவை போய் வந்தது.

தசரதன் மாமா, "தள்ளினா தள்ளினதுதான்மா. அப்புறம் வந்து கேட்டா என்னால ஆவாது. நல்லா ரோசன பண்ணிக்கினியா?" என்று திரும்பக் கேட்டார். பண்ணிட்டேன் என்றேன். அவர் தட்டை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. என்னோடு யாரும் நடந்து வரவில்லை.

பின்பக்க அறையில் இருந்த என் சாமான்களை அண்ணி வெளியில் எடுத்து வைத்திருந்தாள். எறியவில்லை, துடைத்து ஒழுங்காக வைத்திருந்தாள். இப்போது பழைய தொழுவத்தில் ஓலை போட்டுக்கொண்டு இருக்கிறோம். பிரியாவுக்கு இது விளையாட்டாக இருக்கிறது. அங்கன்வாடி டீச்சர் மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பயம் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், இப்படி ஒரு தெம்பும் எனக்கு இதுவரை வந்ததில்லை. பாதி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு மேட்டாங்காட்டின் மேல் நின்று கீழ்க்காட்டைப் பார்த்தேன். அதிலும் நமக்கு உண்டு என்று பிரியாவிடம் கையைக் காட்டிச் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, குதித்தாள்.

மே மாதம் முதல் வாரத்தில் ஜமுனாமரத்தூர் போய் பஸ் பிடித்து வருகிறேன். நீ சொன்ன காகிதமெல்லாம் சேர்த்துவிட்டேன். ஆபீஸ் எங்கே என்று டீச்சர் போனுக்குச் சொல்லு.

செல்லி


திருப்பத்தூர்
9.5.2025

அன்புள்ள செல்லியம்மாளுக்கு,

டைப் அடித்து அனுப்புகிறேன் என்று தப்பாக நினைக்காதே. கையால் எழுத உட்கார்ந்தால் எழுத்து வரவில்லை.

நேற்று முன்தினம் நீ ஆபீஸ் படியிறங்கிப் போனபோது நான் பின்னாலேயே ஓடி வந்திருக்க வேண்டும். வக்கீல் சார் ஒரு கேஸ் கட்டை எடுக்கச் சொன்னார், எடுத்துக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நீ பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிவிட்டாய்.

வக்கீல் சார் உன்னிடம் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டார். "எஸ்.டி. சர்ட்டிபிகேட் இருக்குதாம்மா?" நீ அது உதவும் என்று நினைத்து, பையிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டினாயே, அதை என்னால் மறக்க முடியவில்லை. "பழங்குடி மக்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாதும்மா. சட்டத்தோட ஆரம்பத்துலயே போட்டிருக்குது. உங்களுக்கு உங்க ஊர் வழக்கம்தான். பொண்ணுங்க பக்கம் ஒண்ணு ரெண்டு தீர்ப்பு வந்திருக்குது, அதப் புடிச்சிக்கினு வாதாடலாம். ஆனா வருஷக்கணக்குல இழுக்கும், ஜெயிப்போம்னு சொல்ல மாட்டேன். அது வரைக்கும் ஊர்ல குடுக்கறத வாங்கிக்கினு இரும்மா" என்றார். "அதத்தான் சார் வேணாம்னு தள்ளிட்டு வந்தேன்" என்று நீ சொன்னாய். "யாரும்மா உங்களுக்கு அப்படிச் சொன்னது?" என்று அவர் கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் கீபோர்டைப் பார்த்தேன். நீ, "மலையில யாரோ சொன்னாங்க" என்றாய்.

எப்படி இந்தத் தவறு நேர்ந்தது என்று விளக்கிவிடுகிறேன். பஞ்சாட்சரம் சார் சொன்னது முனியம்மாவுக்கு. நான் ஊரை மாற்றி எழுதியதால் அவளை மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுப் பெண் என்று நினைத்துச் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. நானும் இரகசியம் காப்பதற்காகத்தான் மாற்றினேன், அது விதி. இந்தச் சட்டம் யாருக்குப் பொருந்தாது என்கிற பாடம் அடுத்த பருவத்தில்தான் வருகிறது. தவிர, நான் எழுதியதை ஒரு தோழியின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டுமே தவிர, சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. இதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மார்ச் மாதம் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு. யாராவது அதை எடுத்துக்கொண்டு வந்தால் எனக்குச் சர்ட்டிபிகேட் வராது. வக்கீல் சார் என்னை இங்கேயே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு முன்னால் நான் தலைநிமிர்ந்து நிற்பது இந்த ஒன்றில்தான். நீ புரிந்துகொள்வாய்.

கலெக்டருக்கு ஒரு மனு போடலாம். இலவச சட்ட உதவி மையத்திலும் எழுதிக் கொடுக்கலாம். நீ சரியென்றால் நான் தயார் செய்து தருகிறேன். பெயர் போடாமல் செய்து தருகிறேன்.

குழந்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ரேணுகாதேவி


16.6.2025

அனுப்புநர்:
செல்லியம்மாள்,
த/பெ காலஞ்சென்ற கோபால்சாமி.
முகவரி இப்போதைக்கு எழுதுவதற்கில்லை.

பெறுநர்:
திருமதி ரேணுகாதேவி, சட்ட உதவியாளர்,
பாண்டுரங்கன் வக்கீல் அலுவலகம், திருப்பத்தூர்.

பொருள்: தட்டைத் தள்ளியது தொடர்பாக.

அம்மா,

நடந்ததை நடந்த வரிசையில், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதுகிறேன். "பாவம்", "அநியாயம்" என்று எங்காவது வந்திருந்தால் அடித்துவிடவும்.

நானும் பெறுநரும் ஆலங்காயம் பள்ளியில் ஒன்றாகப் படித்தோம். பழங்குடி மாணவிகளுக்கு ஸ்காலர்ஷிப் தரும் நாளில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் வரிசையில் நிற்கும்போது என் புத்தகப்பையைப் பெறுநர்தான் வைத்திருப்பார். வாங்கிய பணத்தில் இருவரும் பரோட்டா சாப்பிடுவோம். ஆகவே நான் யார் என்பது பெறுநருக்கு அடுத்த பருவத்துப் பாடத்தில் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.

பெறுநர் கேட்டதால் என் விஷயத்தை எழுதிக் கொடுத்தேன். அதில் முனியம்மா என்ற பெண்ணுக்குச் சரிபாதி கிடைத்தது. தட்டைத் தள்ளியது முனியம்மா அல்ல.

ஆபீஸில் இருந்து திரும்பிய அன்றே தசரதன் மாமா வீட்டுக்குப் போனேன். தெரியாமல் தள்ளிவிட்டேன், மறுபடி வையுங்கள் என்று கேட்டேன். "எனுக்கு மனசு இருக்குதும்மா, வழி இல்ல. உனுக்கு ஒரு தரம் மாத்தி வச்சா அப்புறம் இந்தத் தட்டுக்கு இன்னா மதிப்பு?" என்றார். அவர் மனைவி சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன்.

சில நாள் கழித்து அண்ணனிடம் போனேன். அவர் கத்தவில்லை. "யார் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லு செல்லி. நீயா பேசலன்னு ஊர்ல சொல்லி, நானே ஒரு வழி பண்றேன்" என்றார். வக்கீல் கேட்டபோதே சொல்லாத பெயரை இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அப்போ இனிமே எங்கிட்ட வராத" என்று சொல்லிவிட்டு அண்ணன் உள்ளே போய்விட்டார். தொழுவத்துக்குத் திரும்பி வந்த மறுநாள்தான், கிழித்துவிடு என்று சொல்லும் பெறுநரின் கடிதம் டீச்சர் கையிலிருந்து கிடைத்தது. ஒரு நாள் முன்னால் கிடைத்திருந்தால் அண்ணனிடம் சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன்.

மழை பெய்ததும் மேட்டாங்காட்டில் அண்ணன் சாமை விதைத்துவிட்டார். நன்றாக உழுதிருக்கிறார். பிரியதர்ஷினியை ஜமுனாமரத்தூர் விடுதியில் சேர்த்திருக்கிறேன். விட்டுவிட்டு வரும்போது, அந்தக் கீழ்க்காடு எப்போது நமக்கு வரும் என்று கேட்டாள். நான் வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிக்கு வந்துவிட்டேன். அட்டைப்பெட்டி மடிக்கிற வேலை.

பெறுநர் கிழிக்கச் சொன்ன 20.3.2025 தேதியிட்ட கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தேனோ இல்லையோ என்று பெறுநர் பயந்துகொண்டே இருக்கக் கூடாது. அதனால் அசலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நகல் என்னிடம் இல்லை. அதில் "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அது சட்ட ஆலோசனை அல்ல என்று நானும் அறிவேன்.

கடைசியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் போன முறை பெறுநரையே கேட்டேன். இந்த முறை நானே எழுதிவிட்டேன்.

கேட்பது: ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
செல்லியம்மாள்